ஒளிந்துகொள்ள ஓர் இடம்: ஹாம்பர்க்கிலிருந்து சூரிச் வரை ஏழு நாட்கள்

முதல் நாள், ஹாம்பர்க்

ரயிலை விட்டு இறங்கி, அறைக்குக்கூடப் போகாமல், முதுகுப்பையோடு நேராக ஷ்டெல்லிங்கன் பகுதியில் இருக்கும் விலங்குப் பூங்காவுக்குப் போனோம். விலங்குப் பூங்காக்களைச் சுற்றும் இந்தப் பயணத்தை இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது தங்கையின் பிடிவாதம். அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். அடைத்து வளர்க்கும் காட்டு விலங்குகளின் நடத்தை பற்றி இப்போது மேற்படிப்பு. நான் டிக்கெட் வாங்கி விலங்கு பார்க்கிற சாதாரண ஆள். அவள் குறிப்பெடுப்பாள், நான் மூட்டை தூக்குவேன், ராத்திரி உட்கார்ந்து இதை எழுதிப் போடுவேன் என்று ஒப்பந்தம்.

கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-இல் திறந்த பூங்கா இது. அதற்கு முன்பெல்லாம் விலங்குகளை வைத்திருந்த முறை தபால்தலை ஆல்பம் மாதிரி. வரிசையாகக் கூண்டுகள், கூண்டுக்கு ஓர் இனம், முன்னால் இரும்புக் கம்பி. ஹாகன்பெக் கம்பியை எடுத்துவிட்டுப் பள்ளம் வெட்டினார். முன்னால் குளத்தில் நீர்ப்பறவைகள், பின்னால் மேயும் விலங்குகள், அதற்கும் பின்னால் சிங்கங்கள், உச்சியில் செயற்கைப் பாறைமேல் மலையாடுகள். நடுவில் இருக்கும் பள்ளங்கள் நம் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே நிலத்தில் கூடி வாழ்வது போலத் தோன்றும். இந்த உத்திக்கு 1896-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். எந்த விலங்கு எவ்வளவு தூரம் தாண்டும், எவ்வளவு உயரம் எகிறும் என்று சோதித்துப் பார்த்துத்தான் பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்திருக்கிறார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கண்கட்டு வேலை செய்கிறது.

"அழகா இருக்கு இல்ல?" என்றாள். "கம்பியை எடுத்தது யாருக்காகன்னு சொல்லு பார்ப்போம்."

"சிங்கத்துக்காக."

"சிங்கத்துக்குப் பள்ளமும் ஒண்ணுதான், கம்பியும் ஒண்ணுதான். அதோட எல்லை அங்கேயே நிக்குது. உன் கண்ணுக்குத்தான் கம்பி மறைஞ்சுது, அண்ணா."

ஹாகன்பெக்கை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. அடித்துப் பழக்குவதே வழக்கமாக இருந்த காலத்தில், இரை கொடுத்துப் பழக்கலாம் என்று செய்து காட்டியவர்களில் அவர் ஒருவர். ஆனால் அதே மனிதர்தான் 1874 முதல் மனிதர்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். முதலில் வடதுருவப் பக்கத்தில் வாழும் 'சாமி' (Sámi) என்ற பழங்குடி மக்கள். 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கூட்டி வந்தார். பழைய நுழைவாயிலில் விலங்குச் சிலைகளுக்கு நடுவே மனிதச் சிலைகளும் நிற்கின்றன. அதற்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். 'மிருகக்காட்சிசாலை' என்ற நம்முடைய சொல்லில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும் 'காட்சி' அப்போதுதான் உறுத்தியது.

இரண்டாம் நாள், ரயிலில்

இன்று முழுக்கப் பயணம். தங்கை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் நிறுத்துக் கடிகாரத்தையும் கையில் கொடுத்துப் பாடம் நடத்தினாள்.

விலங்கைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. நமக்குச் சுவாரசியமாகப் படும்போது மட்டும் எழுதினால் சண்டையும் குதியாட்டமும்தான் நோட்டில் சேரும். தூக்கம் சேராது. அதனால் ஒரே விலங்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நிமிடமும் கடிகாரம் ஒலிக்கும் அந்த நொடியில் அது என்ன செய்கிறதோ அதை மட்டும் குறிக்க வேண்டும். இதில் என்னென்ன முறைகள், எதற்கு எது பொருந்தும் என்று வகைப்படுத்தியது ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை. பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். இந்தத் துறையில் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்களாம்.

கட்டம் போட்டுக் கொடுத்தாள். நடத்தல், படுத்தல், உண்ணல், தன்னைச் சுத்தம் செய்தல், இன்னொன்றோடு பழகுதல். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'கண்ணில் படவில்லை'.

"இதுக்கு எதுக்குத் தனிக் கட்டம்? கண்ணில் படாததை எழுதுறதுக்கா டிக்கெட் வாங்கினோம்?"

"போட்டு வை. அப்புறம் சொல்றேன்."

ஒத்திகைக்கு என்னையே அரை மணி நேரம் கவனித்தாள். முப்பதில் இருபத்திரண்டு நிமிடம் கைபேசி, ஐந்து ஜன்னல், மூன்று கொட்டாவி. கூண்டில் இருந்தால் என்னைச் 'சலிப்புற்ற விலங்கு' என்று எழுதியிருப்பாளாம்.

இன்னொன்றும் சொன்னாள். விலங்கு நலம் என்ற பேச்சு சட்டப் புத்தகங்களுக்குள் வந்தது கோழிப் பண்ணை, மாட்டுப் பண்ணை வழியாக. பிரிட்டனில் 1965-இல் பிராம்பெல் குழுவின் அறிக்கை, பண்ணை விலங்குக்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது. அவ்வளவுதான் கேட்டார்கள், அதுவே அப்போது பெரிது. 1979-இல் அது பசி, வலி, அச்சம் முதலானவற்றிலிருந்து விடுபடும் ஐந்து சுதந்திரங்களாக வளர்ந்தது. 1994-இல் மெல்லர், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உணவு, சூழல், உடல்நலம், நடத்தை என்ற நான்கோடு ஐந்தாவதாக விலங்கின் மனநிலையைச் சேர்த்தார்கள். துன்பம் இல்லாமல் இருந்தால் போதுமா, இன்பம் என்று ஏதாவது வேண்டாமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

மூன்றாம் நாள், ஆர்னெம்

நெதர்லாந்தின் பர்கர்ஸ் விலங்குப் பூங்கா. இங்கே சிம்பன்சித் தீவுக்கு முன்னால் மட்டும் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மற்ற எதையும் சரியாகப் பார்க்கவில்லை, வருத்தமும் இல்லை.

அகழி சூழ்ந்த ஒரு தீவில், ஆணும் பெண்ணும் குட்டியுமாகப் பெரிய கூட்டமாகச் சிம்பன்சிகளை வைக்கலாம் என்று ஆன்டன் வான் ஹூஃப், யான் வான் ஹூஃப் சகோதரர்கள் 1971-இல் தொடங்கிய முயற்சி இது. அந்தக் காலத்தில் சிம்பன்சி என்றால் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஓடு பதித்த கூண்டில் இருக்கும். பார்வையாளர்களுக்கு முன்னால் உடை போட்டுத் தேநீர் குடிக்கும். கூட்டமாக விட்டால் கொன்றுகொண்டு சாகும் என்று பலர் எச்சரித்தார்களாம்.

பிறகு இங்கே சிம்பன்சிகளை ஆராய வந்த இளைஞர் ஃபிரான்ஸ் டி வால். 1975-இல் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு சண்டையிட்ட இரண்டும் முத்தமிட்டுக் கட்டிக்கொண்டதைப் பார்த்தார். அது சமாதானம் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சண்டை போடுவதைப் பற்றி அதுவரை நிறைய எழுதியிருந்தார்கள். ராசியாவதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

தீவில் இருக்கும் மரங்களின் பட்டையைச் சிம்பன்சிகள் உரித்துவிடாமல் இருக்க, அடிமரத்தைச் சுற்றி மின்கம்பி கட்டியிருந்தார்கள். சிம்பன்சிகள் ஒடிந்த கிளைகளை ஏணியாகச் சாத்தி, ஒன்று பிடித்துக்கொள்ள மற்றொன்று ஏறி, மின்கம்பியைத் தொடாமலே மேலே போய்விட்டன. தழை பறித்துக் கீழே போட்டுப் பங்கும் வைத்தன.

இன்னொரு நாள், மணலில் பழங்களைப் புதைத்துவிட்டுக் கூட்டத்தை வெளியே விட்டார்கள். டாண்டி என்ற இளைய ஆண் அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனது. கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தார்கள். மத்தியானம் மூத்தவை எல்லாம் தூங்கியதும் எழுந்து வந்து, நேராக அந்த இடத்தைத் தோண்டி எடுத்துச் சாப்பிட்டது. முன்பே தோண்டியிருந்தால் பெரியவர்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு ஐந்தறிவு என்று நாம் கணக்கு வைத்திருக்கிறோம்.

நான் மிகவும் ரசித்த கதை வேறு. ராத்திரிச் சாப்பாடு, கூட்டம் முழுவதும் கட்டடத்துக்குள் வந்த பிறகுதான். ஒருநாள் இரண்டு இளம் பெண் சிம்பன்சிகள் உள்ளே வர மாட்டேன் என்று வெளியிலேயே விளையாடிக்கொண்டிருந்தன. மற்றவை எல்லாம் பசியோடு காத்துக் கிடந்தன. அடி விழும் என்று பயந்து, அந்த இரண்டையும் அன்றிரவு தனியாகப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை தீவுக்கு வந்ததும் மொத்தக் கூட்டமும் விரட்டி விரட்டி அடித்தது. அன்று மாலை முதலில் உள்ளே வந்து நின்றவை அந்த இரண்டுதான்.

எல்லாம் இப்படிச் சிரிக்கிற கதை இல்லை. 1980-இல் ஓர் இரவு, மூன்று மூத்த ஆண் சிம்பன்சிகள் மட்டும் இருந்த கூண்டில், நிக்கியும் யெரூனும் சேர்ந்து லூயிட்டைக் கொடூரமாகத் தாக்கின. விரல்கள் போய், உடம்பெல்லாம் கிழிந்து, லூயிட் மறுநாள் இறந்துபோனது. தலைமைக்கான போட்டி. காட்டிலும் சிம்பன்சி சிம்பன்சியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் காட்டில் தோற்றவன் ஓடலாம். சில நாள் தலைமறைவாக இருந்துவிட்டு, சூடு தணிந்ததும் திரும்பி வரலாம். இரவுக் கூண்டில் ஓட இடமில்லை.

"கூட்டமா வைக்கிறது நல்லதுதான்," என்றாள் தங்கை. "கூட்டத்தை விட்டு விலகி இருக்கவும் வழி இருக்கணும். கட்டடத்துக்கு ரெண்டு கதவாவது வேணும்னு இப்ப சொல்றது இதுக்குத்தான். ஒரு கதவுன்னா வாசல்ல பலசாலி உட்கார்ந்துக்குவான்."

இங்கே வெகுகாலம் தலைவியாக இருந்த மாமா என்ற பெண் சிம்பன்சி 2016-இல், 59 வயதில் இறந்தது. சாகக் கிடந்தபோது யான் வான் ஹூஃப் பார்க்கப் போனார். அவரை அடையாளம் கண்டு, பல் தெரியச் சிரித்து, கழுத்தைக் கட்டி அவர் பிடரியைத் தட்டிக்கொடுத்தது. அந்தக் காணொளியை முன்பே பார்த்திருக்கிறேன். தீவுக்கு எதிரில் உட்கார்ந்து கைபேசியில் மறுபடி போட்டுப் பார்த்திருக்கக் கூடாது.

நான்காம் நாள், ஊர் பெயர் வேண்டாம்

வழியில் ஒரு சின்னத் தனியார் பூங்கா. பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறுத்தை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஓயாத நடை. திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையை ஒரே பக்கமாக, ஒரே அளவு வெட்டியது. முன்னங்கால் ஒரே இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில் சிமெண்டுத் தரை தேய்ந்து பளபளத்தது. செக்குமாட்டுக்காவது மதியம் அவிழ்த்துவிடுவார்கள்.

ஒரு மணி நேரம் குறித்தேன். நடை 43. நின்று பின்கதவைப் பார்த்தல் 11. படுத்தல் 6. கண்ணில் படவில்லை, 0.

அந்தப் பூஜ்யத்தைக் காட்டினாள். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் கதவு. அறுபது நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட அதனால் எங்கள் கண்ணிலிருந்து மறைய முடியவில்லை.

பக்கத்தில் ஒருவர் குழந்தையிடம், பார், நன்றாக உடற்பயிற்சி செய்கிறது என்றார். நேற்று வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இதை ஸ்டீரியோடைப் நடத்தை என்கிறார்கள். ஒரே அசைவு, ஒரே வடிவம், திரும்பத் திரும்ப, பார்த்தால் எந்தப் பயனும் தெரியாது. கரடியும் பெரும்பூனைகளும் நடக்கும். யானை ஆடும். ஒட்டகச்சிவிங்கி கம்பியை நக்கும். கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். கொரில்லா தின்றதைக் கக்கித் திரும்பத் தின்னும். எல்லா இனமும் ஒரே அளவு பாதிக்கப்படுவதில்லை. 2003-இல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் ஊனுண்ணிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காட்டில் அகன்ற எல்லைக்குள் அலையும் இனங்கள்தான் கூண்டில் அதிகம் நடந்தன, அவற்றின் குட்டிகளும் அதிகம் இறந்தன. பனிக்கரடிக்கு வழக்கமாகக் கிடைக்கும் அடைப்பு, காட்டில் அது வைத்திருக்கும் மிகச் சிறிய எல்லையிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தச் சிறுத்தைக்கு என்ன குறை? தங்கை வைத்தியர் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனாள். எதிர்க்கூண்டில் மான். நாள் முழுக்க இரையின் வாசனை வருகிறது, கிட்டே போக முடியாது. இரை தினமும் மூன்று மணிக்கு, அதே கதவு வழியாக. அதனால் மத்தியானத்திலிருந்தே கதவைப் பார்த்தபடி நடை. ஏறி உட்கார உயரமாக ஒன்றும் இல்லை. வட அமெரிக்கப் பூங்காக்களில் படைச்சிறுத்தை என்ற பூனை இனத்தின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோனை அளந்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடைப்பு உயரமாக இருந்தால் அந்த அளவு குறைவு, பார்வையாளர்களுக்கு முன்னால் வைத்திருந்தால் அதிகம். பரப்பளவைத்தான் நாம் கேட்கிறோம், பூனைக்கு வேண்டியது உயரம்.

தீவனம் போட வந்த பராமரிப்பாளர் நல்ல மனிதர். ஒருவராக இத்தனை கூண்டைப் பார்த்துக்கொள்கிறார். சிறுத்தை இங்கே வரும்போதே நடந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். சர்க்கஸிலிருந்து மீட்டதாம். அதுவும் சாத்தியம்தான் என்றாள் தங்கை. பழைய தழும்பு மாதிரி, இடம் மாறினாலும் நடை விடாது. அதனால் நடையைப் பார்த்தவுடன் இந்தக் கூண்டுதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

அப்புறம் என்னைப் பக்கத்துக் கூண்டுக்கு இழுத்துப் போனாள். ஒரு குரங்கு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தூங்கவில்லை. ஆள் வந்ததற்கும் திரும்பவில்லை, வாழைப்பழத்துக்கும் திரும்பவில்லை.

"எனக்குச் சிறுத்தையைவிட இதுதான் பயமா இருக்கு. நடக்கிறது ஏதோ ஒரு வழியில தன்னைச் சமாளிச்சுக்குது. இது விட்டுடுச்சு. ஆனா சத்தமில்லாம இருக்கிறதால நல்லா இருக்குன்னு எழுதிடுவாங்க."

எனக்குக் கோபமாக வந்தது. இப்படிப்பட்ட இடங்களை இழுத்து மூட வேண்டும் என்றேன்.

"மூடினா இதுங்க எங்கே போகும்? கோபப்படுறது சுலபம், அண்ணா. அந்த மூலையில உயரமா ஒரு பலகை அடிச்சு, கண்ணாடியில பாதிக்கு ஓலைத்தட்டி கட்டி, மூணு மணிச் சாப்பாட்டை தினம் ஒரு நேரத்துக்கு மாத்துறது அதைவிடச் சுலபம். அதைச் செய்யத்தான் ஆளில்லை."

பராமரிப்பாளரிடம் இதையே மெதுவாக, ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்துவிட்டு வந்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள், பாசல்

விலங்குப் பூங்காக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு முன்னோடியான ஹைனி ஹெடிகர் பிறந்த ஊர் (1908). 1944 முதல் 1953 வரை இந்த ஊர் விலங்குப் பூங்காவின் இயக்குநர், அதற்கு முன்பு பெர்ன், பின்பு சூரிச். எங்கள் பாதையின் கடைசி மூன்று ஊர்களும் அவர் வேலை பார்த்த ஊர்கள் என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தங்கை திட்டமிட்டுத்தான் செய்திருக்கிறாள்.

ஹெடிகர் சொன்னதில் எனக்கு ஒட்டிக்கொண்டது இரண்டு. ஒன்று, தப்பியோடும் தூரம். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தூரம் இருக்கிறது. எதிரி அதற்குள் வந்தால் ஓடும். ஓட முடியாதபடி இன்னும் நெருங்கினால் பாயும். கூண்டு அந்தத் தூரத்தைவிடச் சிறியதாக இருந்து, விலங்கும் மனிதருக்குப் பழகாமல் இருந்தால், ஒவ்வொரு பார்வையாளரும் அதற்கு முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் எதிரி. நாம் பாட்டுக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, காட்டு விலங்கு நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் திரிகிற சுதந்திரப் பறவை என்பது நம் கற்பனை. அதற்கும் எல்லை உண்டு, தடம் உண்டு, தண்ணீருக்குப் போகும் நேரம் உண்டு, பயம் உண்டு. ஆகவே எத்தனை சதுர மீட்டர் என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்த இடத்துக்குள் படுக்க, ஒளிய, தேய்த்துக்கொள்ள, மோப்பக் குறி வைக்க, உயரத்திலிருந்து பார்க்க என்று தனித்தனி இடங்கள் இருக்கின்றனவா என்று அவர் கேட்டார்.

கொரில்லாக்களையும் பார்த்தோம். 1959 செப்டம்பரில் இங்கே கோமா பிறந்தது. மனிதர் வளர்ப்பில் பிறந்த இரண்டாவது கொரில்லா, ஐரோப்பாவில் முதலாவது. தாய் அகில்லாவுக்குக் குட்டியை எப்படிப் பிடித்துப் பாலூட்டுவது என்று தெரியவில்லை. அப்போதைய இயக்குநர் எர்ன்ஸ்ட் லாங் கோமாவை வீட்டுக்கே எடுத்துப்போய்ப் பிள்ளை மாதிரி வளர்த்தார். 1961-இல் அடுத்த குட்டி ஜாம்போ. இந்தத் தடவை அகில்லா தானே வளர்த்தது. கூண்டில் பிறந்து தாயிடமே வளர்ந்த முதல் கொரில்லா ஜாம்போதான்.

அந்த ஜாம்போ பிற்பாடு ஜெர்சி தீவுப் பூங்காவுக்குப் போனது. 1986 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொரில்லா அடைப்புக்குள் விழுந்து மயங்கிக் கிடந்தான். ஜாம்போ வந்து, மற்ற கொரில்லாக்களுக்கும் பையனுக்கும் நடுவே நின்று, முதுகை மெல்லத் தடவியது. பையன் விழித்து அழத் தொடங்கியதும் தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு விலகிப் போனது. வெள்ளிமுதுகு கொரில்லாவை, அதாவது முதிர்ந்த ஆணை, பற்றி உலகம் வைத்திருந்த பயம் அந்த ஒரு காணொளியில் ஆட்டம் கண்டது. தாயிடம் வளர்ந்ததால்தான் அப்படி நடந்தது என்று கதை கட்ட எனக்கு ஆசை. தங்கை ஒரு பார்வை பார்த்தாள், விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள், பெர்ன்

ரயிலில் ஒரு செய்தி. சுவிட்சர்லாந்தில் 2008 விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப் பன்றியையோ கிளியையோ ஒற்றையாக வளர்க்கக் கூடாது. கூட்டமாக வாழும் உயிருக்குத் துணை சட்டப்படியான உரிமை. அதனால் ஜோடியில் ஒன்று செத்தால் மிஞ்சியதற்குத் துணையாகக் கினிப் பன்றியை வாடகைக்குக் கொடுப்பவர்கள்கூட இருக்கிறார்களாம்.

பெர்ன் நகரத்தின் சின்னமே கரடி. ஐந்நூறு ஆண்டுக்கு முன்பிருந்தே இங்கே கரடி வளர்க்கிறார்கள். 1857-இல் கட்டிய கற்குழி ஆற்றுப் பாலத்தின் முனையில் இன்னும் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். வட்டக் கிணறு மாதிரி. எங்கு நின்றாலும் மேலே சுற்றிலும் முகங்கள். மக்கள் கேரட் வீசுவார்கள், கரடி இரண்டு காலில் எழுந்து கை நீட்டிக் கேட்கும். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கின்றன.

2009 அக்டோபரில் பக்கத்திலேயே, ஆரே ஆற்றங்கரைச் சரிவில் புதிய கரடிப் பூங்காவைத் திறந்தார்கள். மரம், புதர், குகை, நீந்தக் குளம். இப்போது இலையுதிர் காலம், குளிர்கால உறக்கத்துக்குமுன் தின்று தீர்க்கும் பருவம். ஒரு கரடி சரிவில் மண்ணைப் புரட்டிப் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தது. என் கட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு 'தேடல்' 38, 'கண்ணில் படவில்லை' 14. ஒருமுறைகூட எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திறந்த அடுத்த மாதமே ஓர் ஆள் உள்ளே இறங்க, ஃபின் என்ற ஆண் கரடி அவரைத் தாக்கியது. காவல்துறை சுட்டது. ஆளும் பிழைத்தார், கரடியும் பிழைத்தது. கரடியின் தப்பியோடும் தூரத்துக்குள் நடந்துபோனால் என்ன ஆகும் என்று ஹெடிகர் அறுபது ஆண்டுக்கு முன்பே எழுதியிருந்தார்.

இதே ஊரின் டேல்ஹோல்ஸ்லி விலங்குப் பூங்காவை 1944 முதல் 1969 வரை நடத்தியவர் மோனிகா மேயர்-ஹோல்ட்ஸாப்ஃபெல். உலகில் பூங்கா இயக்குநரான முதல் பெண்களில் ஒருவர். சிறுத்தையின் அந்த நடை எங்கிருந்து பிறக்கிறது என்று 1930-களிலேயே ஆராய்ந்தவர். அது முதலில் அர்த்தமுள்ள அசைவாகத்தான் தொடங்குகிறது என்றார். வெளியேற வழி தேடுவது, இரை வரும் கதவை நோக்கிப் போவது. கதவு திறக்காமல் திறக்காமல், போக நினைத்த இடம் மறந்து, போகிற அசைவு மட்டும் மிஞ்சிவிடுகிறது.

முந்தாநாள் பார்த்த தேய்ந்த தரை நினைவுக்கு வந்தது.

ஏழாம் நாள், சூரிச்

காலையில் யானைகள். 2014-இல் திறந்த கேங் கிராச்சான் வளாகம். பெரிய மரக்கூரை, துளைகள் வழியாக இறங்கும் வெளிச்சம், யானை முழுக்க மூழ்கி நீந்துகிற குளம். சுவரில் ஆங்காங்கே தீவனப் பெட்டிகள். எது எப்போது திறக்கும் என்பது கணினிக்குத்தான் தெரியும். யானை சுற்றிச் சுற்றிப் போய்த் துதிக்கையால் துழாவிக்கொண்டே இருந்தது.

தட்டில் வைத்தால் சுலபமாகத் தின்னலாமே, எதற்கு அலையவிட வேண்டும் என்றால், விலங்குகளே அப்படி விரும்புகின்றன. 1963-இல் ஜென்சன் என்பவர் எலிகளுக்குக் கிண்ணத்தில் இலவச உணவையும் வைத்து, அழுத்தினால் உணவு விழும் நெம்புகோலையும் வைத்தார். எலிகள் நெம்புகோலையும் அழுத்தித் தின்றன. அதன் பிறகு பல இனங்களில் இதைக் கண்டார்கள். வீட்டுப் பூனை மட்டும் பெரும்பாலும் கிண்ணத்தைத்தான் பார்க்கிறதாம். ஆச்சரியமில்லை.

இங்கே பராமரிப்பாளர்கள் யானையோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. நடுவில் எப்போதும் தடுப்பு. காலைப் பார்க்க வேண்டுமென்றால் யானையே வந்து தடுப்பின் இடைவெளியில் பாதத்தை வைக்கிறது. வைத்தால் தின்பண்டம். வைக்க மனமில்லாவிட்டால் திரும்பிப் போகலாம், யாரும் அடிப்பதில்லை. அங்குசம் இல்லாமல் யானையின் நகத்தைச் சீவ முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

'யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருப்பதுதான் யானையின் இயல்பு என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். மணிக்கணக்கில் தொடரும் அந்த ஆட்டம் கட்டிப்போட்டதன் விளைவு.

இவ்வளவு செய்தும் யானை விஷயத்தில் மனம் முழுதாக ஒப்பவில்லை. 2008-இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டு. பர்மாவில் மரம் இழுக்கும் யானைகளுக்கு 41.7. அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது, இந்த வளாகமே அதற்குச் சாட்சி. இருந்தும் 2022-இல் இங்கேயே மூன்று இளம் யானைகள் ஹெர்பிஸ் வைரஸில் அடுத்தடுத்து இறந்தன. இடம் பெரிதானால் எல்லாம் தீர்ந்தது என்று எழுத வந்தால் கை நிற்கிறது.

மத்தியானம் மசோலா மழைக்காட்டு அரங்கு. 2003-இல் திறந்தது. மடகாஸ்கரின் மசோலா காட்டை நினைவில் வைத்து, 11,000 சதுர மீட்டரைக் கூரைபோட்டு மூடி உள்ளே காடு வளர்த்திருக்கிறார்கள். கூண்டு இல்லை. குரங்கு மாதிரியான செம்போர்வை லெமூர்கள், பழந்தின்னி வௌவால்கள், பச்சோந்திகள் எல்லாம் உள்ளே எங்கேயோ இருக்கின்றன. எங்கே என்பது அவற்றின் விருப்பம்.

தங்கை மேல்நடைபாதைக்குப் போய்விட்டாள். நான் ஒரு மரத்தடியில் நோட்டைத் திறந்து, லெமூர் என்று தலைப்பு எழுதி, கடிகாரத்தை அழுத்தினேன். வெக்கை. கண்ணாடி வியர்த்தது. பெரிய ஆமை ஒன்று என்னை மதிக்காமல் கடந்து போனது. மேலே இலை அசைந்த மாதிரி இருந்தது, காற்றில்லை, ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை. எதிரில் நின்ற குடும்பம் ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டு நகர்ந்தது.

அரை மணி கழித்து அவள் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கண்ணில் படவில்லை, 30.

"பணம் திரும்பக் கேட்கலாமா, அண்ணா?"

"இன்னும் பத்து நிமிஷம் இருப்போம்," என்றேன்.